பழைய இரும்புக்குக் கொடுக்க முன்...
(உங்கள் வீட்டுத் தையல் இயந்திரத்துக்கு உரிய உறுப்புகளை இனங்காணும் முறை)

சண்டிலிப்பாய், சங்கானை, மானிப்பாய், பண்டத்தரிப்பு என்று வலிகாமத்தின் பல வீடுகளில் ஒரு பழைய தையல் இயந்திரத்தை இன்றும் காணலாம். விறாந்தை மூலையில், பழைய சேலைத் துண்டால் மூடியபடி அது நிற்கும். அதன் மேல் சுவாமிப் படமோ பிள்ளைகளின் புத்தகங்களோ அடுக்கப்பட்டிருக்கும். "ஏன் தைப்பதில்லை?" என்று கேட்டால் "அது ஓடாது", "பொபின் கேஸ் துலைஞ்சு போச்சு", "அதுக்குச் சாமான் இப்ப எடுக்கேலாது" என்ற பதில்களே வரும். பிறகொரு நாள் பழைய இரும்பு வாங்குபவர் ஒழுங்கையால் வருவார். அம்மம்மா காலத்து இயந்திரம் தராசில் ஏறிவிடும்.

சகோதரிகளே, அந்த இயந்திரங்களுள் பல உண்மையில் பழுதானவை அல்ல. உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உறுப்பு இல்லாததாலோ, வேறோர் இயந்திரத்தின் உறுப்பைத் தெரியாமல் பூட்டியதாலோதான் அவை நின்று போயின. போரில் துணையை இழந்து குடும்பத்தைத் தனித்துத் தாங்கும் பெண்ணுக்குத் தையல் இயந்திரம் வெறும் தளபாடம் அல்ல. அது வீட்டோடு இருந்து, பிள்ளைகளைப் பார்த்தபடியே உழைக்கக்கூடிய தொழில். எனவே, நம்மிடம் உள்ள இயந்திரம் எது, அதற்குரிய உறுப்பு எது என்பதை நாமே இனங்காணப் பழகுவது அவசியமாகும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஓர் அடிமட்டமும், நல்ல வெளிச்சமும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

தலை வந்தது, லாச்சி வரவில்லை

நமது பகுதியில் உறுப்புகள் இத்தனை தொலைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கால் இயந்திரம் ஒன்றின் "தலை" மேசையின் பின்புறத்தில் இரண்டு பிணைச்சல்களில் பொருந்தியிருக்கும். இரண்டு திருகாணிகளைத் தளர்த்திப் பட்டியைக் கழற்றினால் தலையைத் தனியே தூக்கிவிடலாம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த வேளையில், சைக்கிள் கரியரில் கட்டக்கூடியதைத்தான் மக்கள் கொண்டு போக முடிந்தது. இரும்புக் காலும் மேசையும் வீட்டோடு நின்றன. ஊசி, பொபின், பாதங்கள், எண்ணெய்க் குப்பி எல்லாம் இருந்தது மேசையின் லாச்சிக்குள். தலை தென்மராட்சிக்குப் போனாலும் லாச்சி சண்டிலிப்பாயிலேயே நின்றது. 1996 இல் பலர் திரும்பி வந்தபோது, தலை இருந்த வீட்டில் லாச்சி இல்லை. லாச்சி தப்பிய வீட்டில் தலை இல்லை.

அதற்கு முன்பே, 1990 முதல், வடக்குக்கு வரும் பொருட்களுக்குப் பல தடைகள் இருந்தன. மெஷின் எண்ணெய் கிடைக்காத காலத்தில் தேங்காயெண்ணெயை விட்டுத் தைத்தவர்கள் உண்டு. அது நாளடைவில் பசைபோல இறுகிச் சக்கரத்தைப் பிடித்துக் கொள்ளும். "இறுகிப் போச்சு" என்று ஒதுக்கப்பட்ட இயந்திரங்கள் சிலவற்றின் உண்மையான நோய் இதுதான்.

அதே காலம் இன்னொன்றையும் காட்டித் தந்தது. மின்சாரம் இல்லாத அந்த ஆண்டுகளில் காலால் மிதிக்கும் இயந்திரமும் கையால் சுற்றும் இயந்திரமும் ஓடிக்கொண்டே இருந்தன. 2022 இல் நாடு முழுவதும் நாளுக்குப் பல மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டபோதும் கால் இயந்திரம் வைத்திருந்தவருக்கு வேலை தடைப்பட வேண்டியிருக்கவில்லை.

இந்த இயந்திரம் எங்கிருந்து வந்தது?

யாழ்ப்பாணத்துப் பெண்களுக்குத் தையல் புதிதல்ல. 1824 இல் அமெரிக்க மிசனரிமார் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் கைத்தையலும் கற்பிக்கப்பட்டது. சிங்கர் நிறுவனம் இலங்கையில் வியாபாரத்தைத் தொடங்கியது 1877 இல். தவணைப் பணத்துக்குக் கொடுக்கும் முறையால் இந்த இயந்திரம் நடுத்தர வீடுகளுக்குள்ளும் புகுந்தது; பின்னர் சீதனப் பொருட்களில் ஒன்றாகவும் ஆனது.

நம்மிடமுள்ள பழைய கறுப்புச் சிங்கர்களில் பல ஸ்கொட்லாந்தின் கிளைட்பாங்க் நகரில் செய்யப்பட்டவை. அங்குள்ள கில்போவி என்ற இடத்தில் 1885 இல் திறக்கப்பட்ட தொழிற்சாலை, முதலாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்களை அனுப்பியது. அங்கு பெண்களும் பெருந்தொகையாக வேலை செய்தார்கள். 1911 மார்ச் மாதத்தில் மரப்பெட்டிகளுக்கு மெருகூட்டும் 12 பெண்கள் கூடுதல் வேலைச்சுமையை எதிர்த்து வேலையை நிறுத்த, சில நாட்களில் ஏறத்தாழ 11,000 பேர் அவர்களோடு வெளியே வந்தார்கள்.

அந்த நகரமும் போரைக் கண்ட நகரம். 1941 மார்ச் 13, 14 ஆம் திகதி இரவுகளில் ஜேர்மன் விமானங்கள் கிளைட்பாங்கில் குண்டு வீசின. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சேதமடையாத வீடுகளை விரல் விட்டு எண்ணலாம் என்ற நிலை. சிங்கர் தொழிற்சாலையின் மரக்காலையும் எரிந்தது. ஆனாலும் தொழிற்சாலை மீண்டும் இயங்கி, 1980 இல்தான் மூடப்பட்டது. அந்த ஊரின் புகையிரத நிலையம் இன்றும் "சிங்கர்" என்றே அழைக்கப்படுகிறது.

பின்னர் கல்கத்தாவில் செய்யப்பட்ட உஷா வந்தது. யப்பானிய, சீன இயந்திரங்களும் வந்தன. பெயர்களும் நிறங்களும் வேறாக இருந்தாலும், இவற்றுள் மிகப் பல சிங்கரின் 15 ஆம் இலக்க வகையை மாதிரியாகக் கொண்டவை. இது நமக்கு நல்ல செய்தி. ஏனென்றால் ஒன்றின் உறுப்பு மற்றதற்கும் பொருந்த இடமுண்டு.

முதற்படி: இலக்கத்தைப் படியுங்கள்

இயந்திரத்தின் மேடையில், வலப்பக்கத் தூணின் அடியில், இரும்பில் பொறித்த ஓர் இலக்கம் இருக்கும். அழுக்கு மூடியிருந்தால் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடையுங்கள். தின்னர், பெற்றோல், ஸ்பிரிட் எதையும் பாவிக்க வேண்டாம். பொன்னிறப் பூவேலைப்பாடுகள் அவற்றோடு போய்விடும்.

சிங்கர் இயந்திரத்தின் இலக்கத்துக்கு முன்னால் ஆங்கில எழுத்து எதுவும் இல்லாவிட்டால் அது பெரும்பாலும் 1900 க்கு முந்தியது. எஃப், வை போன்ற ஒற்றை எழுத்தோ, ஈ என்ற எழுத்தில் தொடங்கும் இரண்டு எழுத்துகளோ இருந்தால் அது கிளைட்பாங்கில் செய்யப்பட்டது. ஒற்றை "ஜே" இருந்தாலும் கிளைட்பாங்குதான். ஆனால் "ஜே" யோடு இன்னோர் எழுத்தும் சேர்ந்திருந்தால் அது கனடாவில் செய்யப்பட்டது.

இந்த நீண்ட இலக்கம் இயந்திரத்தின் பிறந்த திகதியைச் சொல்லுமே தவிர, அதன் வகையை நேரடியாகச் சொல்லாது. சில இயந்திரங்களில் சிறு தகடொன்றில் 15கே, 99கே, 201கே என்று வகை இலக்கம் தனியாக இருக்கும். "கே" என்பது கில்போவியைக் குறிக்கும். அந்தத் தகடு இல்லாவிட்டாலும் கவலையில்லை. பொபின் இருக்கும் இடம் மீதியைச் சொல்லிவிடும்.

இரண்டாம் படி: பொபின் எங்கே இருக்கிறது?

பழைய வீட்டு இயந்திரங்களை இதை வைத்து மூன்று கூட்டமாகப் பிரிக்கலாம்.

1. நீட்டுப் பொபின் உள்ளவை: ஊசிக்கு இடப்பக்கத்தில், முன்னும் பின்னுமாக நகரும் இரண்டு நீண்ட தகடுகள் இருக்கும். அவற்றைத் திறந்தால், ஒரு முனை கூர்ந்த சிறு கூடு ஒன்று கிடக்கும். அதுவே ஷட்டில். அதனுள் இரு முனையிலும் சிறு தட்டுகள் கொண்ட, சின்னவிரலிலும் மெல்லிய நீண்ட பொபின் இருக்கும். சிங்கர் 27, 28, 127, 128 ஆகியவை இக்கூட்டம். இவற்றில் 28 உம் 128 உம் அளவிற் சிறியவை. கை இயந்திரமாகப் பல வீடுகளுக்கு வந்தவை. இவற்றுக்கு வட்டப் பொபின் எதுவும் பொருந்தாது. ஷட்டில் இல்லையென்றால் ஷட்டிலும் பொபினும் சேர்த்தே தேட வேண்டும்.

2. பொபின் கேஸ் நிமிர்ந்து நிற்பவை: மேடையின் இடப்பக்கத் தகட்டை நகர்த்திக் கீழே பார்த்தால், பொபின் கேஸ் பக்கவாட்டில் நிமிர்ந்தபடி செருகப்பட்டிருக்கும். சிறு தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தால் கேஸ் பொபினோடு கையில் வரும். இது 15 ஆம் வகை. உஷாவின் வழக்கமான கறுப்பு இயந்திரமும், யப்பானிய, சீனக் கறுப்பு இயந்திரங்கள் பலவும் இதுதான். இதன் பொபின் இருபக்கமும் தட்டையானது. குறுக்களவு சுமார் 20 மில்லிமீற்றர்.

3. பொபின் படுத்திருப்பவை: ஊசிக்கு அருகிலுள்ள தகட்டை நகர்த்தினால், மேலிருந்து பார்க்கப் பொபின் வட்டமாகப் படுத்திருக்கும். சிங்கர் 66, 99, 201 ஆகியவை இவ்வகை. 99 என்பது 66 இன் சிறிய வடிவம். இவற்றின் பொபின் 66 ஆம் வகை எனப்படும். பார்வைக்கு 15 ஆம் வகைப் பொபினைப் போலவே இருக்கும். ஆனால் அதன் பக்கங்கள் சற்றுக் குவிந்திருக்கும்.

அதிகமான தவறு நடப்பது இரண்டாம், மூன்றாம் கூட்டங்களுக்கு இடையில்தான். பொபினை மேசையில் படுக்க வைத்து, அதன் மேல் அடிமட்டத்தின் விளிம்பை வையுங்கள். விளிம்பு முழுவதும் படிந்தால் அது தட்டையான 15 ஆம் வகை. நடுவில் முட்டிக்கொண்டு ஓரங்களில் வெளிச்சம் தெரிந்தால் 66 ஆம் வகை. கடைகளில் கிடைக்கும் தெளிவான பிளாஸ்ரிக் பொபின்கள் வேறு இயந்திரங்களுக்குரியவையாக இருக்கலாம். ஒரு மில்லிமீற்றர் தடிப்பு வித்தியாசமே அடிநூல் சிக்குவதற்குப் போதும்.

15 ஆம் வகைப் பொபின் கேஸ் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கேஸின் ஓரத்தில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு உண்டு. சில கேஸ்களில் அது மணிக்கூட்டின் 11 மணி நிலையிலும், வேறு சிலவற்றில் 1 மணி நிலையிலும் இருக்கும். இயந்திரத்தில் அந்த விரல் பொருந்தும் பள்ளம் எங்கே இருக்கிறதோ, அதற்கேற்ற கேஸையே வாங்க வேண்டும். மாறி வாங்கினால் கேஸ் உட்காராது. பலவந்தமாகத் தள்ளி ஓட்டினால் ஊசி முறியும்.

மூன்றாம் படி: பாதத்தை அளவுங்கள்

துணியை அழுத்தும் பாதமும், மடிப்புக்கும் சுருக்குக்கும் உரிய உறுப்புகளும் ஒரே தண்டில்தான் பூட்டப்படுகின்றன. அந்தத் தண்டின் உயரம் எல்லா இயந்திரங்களிலும் ஒன்றல்ல. பாதத்தைக் கீழே இறக்குங்கள். மேடையில் இருந்து, பாதத்தைப் பூட்டும் திருகாணியின் நடுப்பகுதி வரை அளந்து பாருங்கள். ஏறத்தாழ அரை அங்குலம் என்றால் அது தாழ்ந்த தண்டு. ஏறத்தாழ ஓர் அங்குலம் என்றால் உயர்ந்த தண்டு. மேலே சொன்ன சிங்கர்களும் உஷாவும் தாழ்ந்த தண்டு வகையே. ஆகவே தாழ்ந்த தண்டுக்குரிய பாதம் ஒன்றை அயலவரிடம் இரவல் வாங்கியும் பொருத்திப் பார்க்கலாம்.

திருகாணி தண்டின் பக்கத்தில் அல்லாமல் பின்புறத்தில் இருந்தால் அவதானம். பழைய 66 ஆம் வகையில் சில அப்படி வந்தன. அவற்றுக்கு வழக்கமான பாதங்கள் பொருந்தா.

ஊசியைப் பொறுத்தவரை, வீட்டு இயந்திரத்து ஊசியின் மேற்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். தொழிற்சாலை இயந்திரத்து ஊசியின் மேற்பகுதி முழு உருளை. இரண்டையும் மாற்றிப் போடக்கூடாது. ஊசியின் நீண்ட பள்ளம் எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்திலிருந்தே நூல் கோக்க வேண்டும். தட்டைப் பக்கம் அதற்கு எதிர்ப்புறம். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், ஊசிக்குச் சற்று மேலே உள்ள கடைசி நூல் கொளுக்கியைப் பாருங்கள். அது இருக்கும் பக்கமே நூல் கோக்கும் பக்கம். மெல்லிய துணிக்கு 11, பருத்திச் சீருடைத் துணிக்கு 14, தடித்த துணிக்கு 16 அல்லது 18 ஆம் இலக்க ஊசி பொருத்தமானது.

பெட்டியில் கிடப்பவை எவை?

பழைய லாச்சியிலோ தகரப் பேணியிலோ விளங்காத இரும்புத் துண்டுகள் கிடந்தால் வீசிவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் துணியை விரித்து எல்லாவற்றையும் பரப்புங்கள். மடித்து விரிக்கக்கூடிய சிறு மரப்பெட்டி ஒன்று சில வீடுகளில் இருக்கலாம். 1889 இல் காப்புரிமை பெற்ற அந்தப் பெட்டியின் ஒவ்வொரு தட்டிலும் உறுப்புகள் தத்தம் இடத்தில் பொருந்தியிருக்கும். வெறுமையாக உள்ள இடமே எது தொலைந்தது என்பதைக் காட்டிவிடும்.

சிங்கரின் உறுப்புகளில் "சிமான்கோ" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். சிங்கர் உற்பத்திக் கொம்பனி என்பதன் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமே அது. பக்கத்தில் ஓர் இலக்கமும் இருக்கும். அதுவே அந்த உறுப்பின் அடையாள அட்டை.

மெல்லிய மடிப்புப் பாதம்: முன்பகுதி நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும். சேலைக் கரை, கைலேஞ்சி, மெல்லிய பாவாடை விளிம்பு ஆகியவற்றை அதுவே சுருட்டித் தைக்கும்.

அளவு மாற்றும் மடிப்பான்: அளவுக் கோடுகள் உள்ள நகரும் தகடு இருக்கும். இலக்கம் 35931. ஏறத்தாழ ஓர் அங்குலம் வரை மடிப்பின் அகலத்தை மாற்றலாம். யன்னல் சீலைக்கும் சட்டை விளிம்புக்கும் உகந்தது.

கரைகட்டும் உறுப்பு: கூம்புபோலச் சுருண்ட வாய் இருக்கும். குறுக்காக வெட்டிய துணிப்பட்டியை அதனுள் விட்டால், துணியின் ஓரத்தை மூடியபடி தைத்துச் செல்லும். குழந்தைச் சட்டைகளுக்கு மிகவும் தேவையானது. 121464, 160359 என்பன இதன் இலக்கங்களிற் சில.

சுருக்குப் போடும் உறுப்பு: பெட்டியிலுள்ளவற்றுள் பெரியது. கவைபோன்ற கை ஒன்று ஊசி பூட்டும் திருகாணியின் மேல் ஏறி நிற்கும். பற்கள் உள்ள நீலநிறத் தகடுகள் இருக்கும். 86642, 120598 ஆகிய இலக்கங்களில் வந்தது. ஒவ்வொரு தையலுக்கும் சுருக்கு விடலாம். பிற்காலத்தவற்றில் 6 அல்லது 12 தையலுக்கு ஒரு மடிப்பும் விடலாம். இதை இயந்திரத்தின் உடைந்த துண்டென்று நினைத்து வீசுபவர்கள் உண்டு.

சுருக்குப் பாதம்: இலக்கம் 121441. பார்வைக்குச் சாதாரணப் பாதம்தான். திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு மேடு இருக்கும். சாதாரணப் பாதமென்று இதைப் பூட்டிவிட்டு, "துணி சுருங்குது, மெஷின் பழுது" என்று சொல்ல நேரலாம். உங்கள் இயந்திரம் காரணமில்லாமல் துணியைச் சுருக்கினால் முதலில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ஓரத்தையல் உறுப்பு: இலக்கம் 36865. 1 முதல் 5 வரை இலக்கமிட்ட பிளவுகள் இருக்கும். லேஸ் பொருத்துவதற்கும் இரு துணிகளை ஓரத்தோடு ஓரம் சேர்ப்பதற்கும் உதவும்.

கொசுவம் அடையாளமிடும் உறுப்பு: இலக்கம் 36583. இரண்டு அளவுகோல்கள் இருக்கும். ஒரு கொசுவத்தைத் தைக்கும்போதே அடுத்ததற்கான மடிப்பை அது துணியில் அழுத்தி அடையாளமிடும்.

இவ்வுறுப்புகளுக்குச் சில வேளை வேறு இலக்கங்களும் உண்டு. எனவே இலக்கம் மாறினாலும் வடிவத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள்.

அசல் எது? பொருந்துவது எது?

பெயர் பொறிக்காத உறுப்பெல்லாம் கூடாதவை என்று எண்ண வேண்டாம். கிரைஸ்ற் என்ற அமெரிக்க நிறுவனம் பல கொம்பனிகளின் இயந்திரங்களுக்கு நல்ல உறுப்புகளைச் செய்து கொடுத்தது. அதே சமயம், புதிதாகப் பளபளக்கும் எல்லாம் நல்லவையும் அல்ல. பெயரிலும் பார்க்கப் பரீட்சைக்கே மதிப்புக் கொடுங்கள்.

1. பாதம் பலவந்தமின்றித் தண்டில் ஏற வேண்டும். திருகாணி விரலாலேயே முதற் சில சுற்றுகள் செல்ல வேண்டும். சிங்கரின் திருகாணிப் புரிகள் தனி அளவானவை. கடையிலுள்ள சாதாரண திருகாணியை முறுக்கி ஏற்றினால் துளையின் புரி அழிந்துவிடும். அதன் பிறகுதான் இயந்திரம் உண்மையாகவே பழுதாகும்.

2. பாதத்தை இறக்கி, சக்கரத்தைக் கையால் உங்கள் பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி பாதத்தின் துளைக்கு நடுவில் இறங்க வேண்டும். எங்காவது தட்டினால் உடனே நிறுத்துங்கள்.

3. துணியை நகர்த்தும் பற்களின் மேல் பாதத்தின் அடி முழுவதும் படிய வேண்டும்.

4. 15 ஆம் வகைப் பொபின் கேஸ் "டிக்" என்ற ஒலியோடு உட்கார வேண்டும். நூல் கோத்த கேஸை நூலில் தொங்க விட்டுக் கையை ஒருமுறை சொடுக்குங்கள். கேஸ் சற்றுக் கீழே இறங்கி நிற்க வேண்டும். கடகடவென விழுந்தால் இழுவிசை போதாது. அசையாமலே நின்றால் இறுக்கம் கூடுதல். அதன் பக்கத்திலுள்ள சிறு திருகாணியைக் கால் சுற்றுக்குமேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம்.

5. இறுகிப்போன இயந்திரமென்றால் எந்த உறுப்பையும் வாங்க முன் எண்ணெய்த் துளைகளில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு ஓரிரவு வையுங்கள். நெருப்பிலிருந்து தள்ளியே வைக்க வேண்டும். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கரைந்து வரும் கறுப்பைத் துடைத்து, பிறகு மெஷின் எண்ணெய் விடுங்கள். இரண்டு மூன்று நாட்கள் இப்படிச் செய்ய வேண்டி வரலாம்.

கடையில் எப்படிக் கேட்பது?

"சிங்கர் மெஷினுக்குச் சாமான்" என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் கையிலிருப்பதைத் தருவார். பின்வருமாறு கேட்டுப் பாருங்கள்:

"அண்ணை, பொபின் கேஸ் ஒண்டு வேணும்."

"என்ன மெஷின், தங்கச்சி?"

"சிங்கர் பதினஞ்சு. பொபின் தட்டை. விரல் பதினொரு மணிப் பக்கம் நிக்கிறது. பழைய பொபினும் கொண்டு வந்திருக்கிறன். வைச்சுப் பாத்திட்டுத் தாங்கோ. பொருந்தாட்டில் மாத்தித் தருவியளோ?"

இப்படிக் கேட்பவருக்குப் பிழையான சாமானைக் கொடுப்பது கடினம். பழைய உறுப்பு உடைந்திருந்தாலும் அதைக் கையோடு கொண்டு செல்லுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் இலக்கத்தையும், பொபின் இருக்கும் இடத்தையும், பாதத்தையும் படமெடுத்துக் கொள்ளுங்கள்.

ஊரில் ஒன்றுகூடித் தேடுவது இன்னும் நல்லது. மாதர் சங்கக் கூட்டமொன்றுக்கு ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள தகரப் பேணியைக் கொண்டு வந்தால், ஒருவருக்குப் பயனற்றது மற்றவரின் இயந்திரத்தை ஓட வைக்கும். ஒரு வீட்டில் தங்கிய லாச்சியும் இன்னொரு வீட்டுக்குத் திரும்பிய தலையும் இப்படித்தான் சந்திக்க முடியும்.

மீளக்குடியேறிய காணிகளில் புதைத்து வைத்த பொருளைத் தேட விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. அந்தக் காணியில் வெடிபொருட்கள் அகற்றப்பட்டதை அதிகாரிகளிடம் உறுதி செய்யாமல் மண்வெட்டியை எடுக்க வேண்டாம். எந்த இயந்திரமும் ஒரு காலுக்கோ கைக்கோ ஈடாகாது.

ஏமாற வேண்டாம்

பழைய இயந்திரத்தைக் குறைத்து மதிப்பிடுவதுபோல, அதைப் பற்றிய பொய்களை நம்புவதும் ஆபத்தானது. 2009 இல் சவூதி அரேபியாவில் ஒரு வதந்தி பரவியது. பழைய சிங்கர் இயந்திரங்களுக்குள் "சிவப்புப் பாதரசம்" என்ற விலைமதிப்பற்ற பொருள் இருக்கிறதாம். கைத்தொலைபேசியை ஊசிக்கு அருகில் கொண்டு போனால் தொடர்பு அறுந்துவிடுமாம். இதை நம்பிப் பலர் பெருந்தொகைப் பணத்துக்குப் பழைய இயந்திரங்களை வாங்கினார்கள். அப்படியொரு பொருள் எந்தத் தையல் இயந்திரத்திலும் இல்லை. இரும்பும், உருக்கும், எண்ணெயுமே அதற்குள் உண்டு. யாராவது இலட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்டாலோ, "சோதித்துப் பார்க்க" இயந்திரத்தைக் கொண்டு போகக் கேட்டாலோ கொடுக்காதீர்கள்.

அதேபோல, கிலோக் கணக்கில் விலை பேசுபவரிடமும் அவசரப்பட வேண்டாம். சக்கரம் சுற்றினால், ஊசித்தண்டு ஏறி இறங்கினால், அந்த இயந்திரம் பெரும்பாலும் மீண்டும் தைக்கும். விற்கத்தான் வேண்டுமென்றாலும், வகையும் உறுப்புகளும் தெரிந்து, ஓடும் இயந்திரமாக விற்பவருக்கே நியாயமான விலை கிடைக்கும்.

உழைப்பாக மாற்றுவோம்

1993 முதல் அரசு பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி வழங்கி வருகிறது. துணி கையில் கிடைத்ததும் ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி "யாரிடம் தைக்கக் கொடுப்பது?" என்பதுதான். பொங்கல், கோயில் திருவிழா, தீபாவளி, கலியாணம் என்று வேலை வரும் நாட்கள் பல. நேர்த்தையல் மட்டும் தைப்பவருக்குக் கிடைக்கும் வேலையிலும், விளிம்பு மடிப்பு, கரைகட்டு, சுருக்கு, கொசுவம் எல்லாம் ஒழுங்காகச் செய்து தருபவருக்குக் கிடைக்கும் வேலை அதிகம். அந்த வித்தியாசம் பல வேளைகளில் தகரப் பேணிக்குள் கிடக்கும் நாலைந்து இரும்புத் துண்டுகளில்தான் இருக்கிறது. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு புதிய இயந்திரம் வாங்குவது இலகுவல்ல. இருப்பதை ஓட வைப்பதே புத்தி.

எனவே சகோதரிகளே, இந்த வாரமே அந்த மூடுதுணியை எடுங்கள். இலக்கத்தைத் துடைத்துப் படியுங்கள். பொபின் இருக்கும் இடத்தைப் பாருங்கள். தண்டை அளந்து ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மகளையும் பக்கத்தில் இருத்திக் கற்றுக் கொடுங்கள். அம்மாவோ அம்மம்மாவோ தவணை கட்டிச் சேர்த்த அந்தச் சொத்து, ஒரு சின்ன உறுப்பு இல்லாத குறையால் தராசில் ஏற வேண்டியதில்லை.